போல்ட்டக்கா போட்ட பெஞ்ச்

உட்காருவதற்கு ஏதாவது ஒன்று வரும் என்று யாராவது சொன்னால் அது நூறு. இவ்வளவு நீளம், இவ்வளவு உயரம், ஏறக்குறைய இந்தப் பக்கம் என்று ஒரு டப்பாவை வரைந்து வைத்தால் இருநூறு. அது பெஞ்ச்தான், இந்த அளவுதான், இந்த இடம்தான் என்று முடிவாகிவிட்டால் முந்நூறு. எந்த போல்ட், எங்கே வெல்டிங், துளை எங்கெங்கே என்று பட்டறைக்காரர் பார்த்த மாத்திரத்தில் இரும்பை வெட்ட ஆரம்பிக்கலாம் என்றால் நானூறு. கடைசியில் பெஞ்ச் நிஜமாகவே வந்து இறங்கி, ஒருவர் நேரில் போய் அளந்து, இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் ஐந்நூறு. அதில் உட்கார்ந்தவருக்கு முதுகு வலித்ததா என்பதற்கு எண் கிடையாது.

கட்டடத்தைத் தரையில் கட்டுவதற்கு முன்பே கணினிக்குள் முழுசாகக் கட்டிப் பார்க்கும் தொழில் ஒன்று இருக்கிறது. பிம் என்பார்கள். அந்தத் தொழிலில் சுவர், கதவு, குழாய் எல்லாவற்றுக்கும் மேற்சொன்ன எண்கள் உண்டு. ஒரு பொருளைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு நம்பலாம் என்பதன் கணக்கு அது. மனிதர்களுக்கும் இப்படி நெற்றியில் ஒட்டி வைத்தால் பாதிக் கல்யாணங்கள் நடக்காது. மீதிப் பாதி நிம்மதியாக நடக்கும்.

போல்ட்டக்கா அந்தத் தொழிலில்தான் இருந்தாள். வயது ஐம்பதை ஒட்டி. தொழிலை மூன்று முறை கற்றவள். முதலில் ட்ரேசிங் தாளில் பேனாவால் கோடு. பிறகு திரையில் கோடு. பிறகு கோடே கிடையாது, எல்லாம் உருவம். ஒவ்வொரு முறையும் "இதைக் கத்துக்கிட்டா இனிமே சுலபம்" என்றார்கள். சொன்னவர்கள் எல்லோரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். சுலபம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பட்டப்பெயருக்குக் காரணம் ஒரு வாஷ்பேசின். ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு, "கை கழுவ ஒண்ணு இருக்கும்" என்ற அளவில் காட்டினால் போதும் என்றார்கள். அவள் குழாயை வரைந்தாள், குழாய்க்குள் வாஷரை வரைந்தாள், பேசினைச் சுவரோடு பிடிக்கும் போல்ட்டையும் அதன் மரையையும் வரைந்தாள். அதை எல்லாத் தளங்களிலும் நகலெடுத்து வைத்தாள். மறுநாள் காலை யார் அந்தக் கோப்பைத் திறந்தாலும் கணினி நின்றுபோனது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மாடல் மேனேஜர் அவளைவிடப் பாதி வயது. அவள் "தம்பி" என்று கூப்பிட்டதால் அலுவலகத்துக்கே அவன் தம்பி. மதியச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிற பிள்ளை. உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம்.

"அக்கா, வெறும் டப்பா போதும்னு சொன்னேனே."

"டப்பாவுல எப்படித் தம்பி கை கழுவுவாங்க?"

"யாரும் இப்ப கழுவப் போறதில்லக்கா. டப்பான்னா, இன்னும் தெரியாதுன்னு அர்த்தம். போல்ட் வரைஞ்சா, தெரியும்னு அர்த்தம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வரையக் கூடாது. பாக்கிறவங்க நம்பிடுவாங்க."

"நம்புனா நல்லதுதானே?"

"நல்லதில்லக்கா. வாங்கிடுவாங்க."

அன்றிலிருந்து அவள் டப்பா வரையப் பழகினாள். சமையலறை டப்பா, அலமாரி டப்பா, மின்பெட்டி டப்பா. வீட்டில் அவள் கணவர் ஏற்கெனவே அந்த முறையில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். யார் வீட்டு லிஃப்ட்டாவது எங்காவது நடுவழியில் நின்றபடியே இருக்கும். இவர் போய் அதைக் கீழே இறக்குவார். வீட்டுக்கு வந்ததும் தானும் நடுவழியில் நின்றுவிடுவார்.

"என்னங்க, சமையக்கட்டுல குழாய் ஒழுகுது."

"பாத்துக்கலாம்."

"முதுகுக்கு டாக்டரைப் பாக்கணும்னு சொன்னேனே."

"பாத்துக்கலாம்."

சுத்தமான நூறு. ஏதோ ஒன்று, எங்கோ ஓரிடத்தில், எப்போதாவது நடக்கும். அவள் முதுகு அந்த நூறிலேயே பல வருஷமாக இருந்தது.

முதுகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதை அங்கேதான் நடக்கிறது. நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் குனிந்து குனிந்து, இடுப்புக்குச் சற்று மேலே ஒரு வலி குடிவந்துவிட்டது. உட்கார்ந்தால் போகாது. நின்றால் ஏறும். சாய்ந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் வாயை மூடும். மாலையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் இருந்தது ஒரு கம்பமும் அதில் ஒரு பலகையும். பலகையில் பஸ் படம். பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது.

பக்கத்து கிளினிக்கின் நர்ஸம்மாவும் அங்கேதான் நிற்பாள். கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டவள். இருவரும் கம்பத்தை முறை போட்டுச் சாய்ந்துகொள்வார்கள்.

"அக்கா, உங்க முறை முடிஞ்சுது, தள்ளுங்க."

"இப்பத்தானே சாஞ்சேன்!"

"பேஷன்ட்டுங்க மாதிரியே பேசுறீங்க. எல்லாரும் இப்பத்தான் வந்தேம்பாங்க."

அந்தக் கம்பத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பேருந்து நிலையம் கட்டப்போவதாக முடிவானது. கூரையோடு, நடைமேடையோடு. அதன் மாடல் வேலை போல்ட்டக்காவின் அலுவலகத்துக்கே வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அவள் வரையும் கட்டடத்தில் அவளே போய் நிற்கப் போகிறாள். அல்லது உட்காரப் போகிறாள். எது என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் நடைமேடை நடுவில் வரிசையாக இருந்தவை டப்பாக்கள். இருநூறு. உட்காரவா, சாயவா என்று முடிவாகவில்லை. ஆர்க்கிடெக்ட்டுக்குப் பெஞ்ச் பிடிக்காது. இடுப்பு உயரத்தில் சாய்வாக ஒரு குழாய்த் தண்டு போதும் என்பார். அதில் உட்கார முடியாது. பிருஷ்டத்தை லேசாக முட்டுக் கொடுத்து நிற்கலாம்.

"உக்கார வெச்சா தூங்கிடுவாங்க. தண்டு வெச்சா இடம் சுத்தமா இருக்கும்," என்றார் ஒரு கூட்டத்தில். அவர் காரில் வருகிறவர். பேருந்து நிலையம் சுத்தமாக இருப்பதை அவர் கண்ணாடி வழியே பார்க்க வேண்டியிருக்கிறது, பாவம்.

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி "மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். மேலே கேட்டாரோ என்னவோ, கீழே எதுவும் வரவில்லை. மாதங்கள் போயின. டப்பா டப்பாவாகவே இருந்தது.

ஒருநாள் மாலை போல்ட்டக்கா கைப்பையில் அளவு டேப்போடு கம்பத்தடிக்கு வந்தாள்.

"நர்ஸம்மா, அந்தப் படிக்கட்டுல உக்காருங்க."

"எதுக்குக்கா?"

"முழங்கால் உயரம் வேணும். நேரா. ஆங். இப்ப முதுகை நிமித்துங்க."

வரிசையில் நின்றிருந்த ஒருவர் ஆர்வம் தாங்காமல், "சட்டை தைக்கிறீங்களாம்மா?" என்றார்.

"ஆமாண்ணா. இரும்புல."

"அப்ப எனக்கும் ஒண்ணு எடுத்துக்கங்க," என்று அவரும் உட்கார்ந்துகொண்டார். அவர் முழங்கால் உயரமும் கிடைத்தது.

மறுநாள் அவள் டப்பாவைத் திறந்தாள். அதற்குள் ஒரு பெஞ்சை வைத்தாள். முதுகு சாய்வு உள்ள பெஞ்ச். இடுப்புக்கு மேலே வலி குடியிருக்கும் இடத்தில் லேசாக ஒரு வளைவு. கிழவர்கள் பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி. தரையில் பதித்த திருகுக் கம்பிகளில் நட் போட்டு இறுக்க, நடுவிலிருந்து சம தூரத்தில் துளைகள். நட்டுக்கு அடியில் வாஷர். பல மாதங்களாக டப்பா வரைந்து மரத்துப்போன கை, ஆசைதீர வரைந்தது. எல்லாப் பெஞ்சையும் ஒரே குழுவாகக் கட்டினாள். ஒன்றில் கை வைத்தால் எல்லாவற்றிலும் மாறும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் மகா யோக்கியமாக இருந்தாள். பெஞ்சைத் தொட்டால் திறக்கும் விவரப் பெட்டியில் "நிலை: இருநூறு" என்று முன்பு இருந்ததை மாற்றவில்லை. பெஞ்ச் முடிவாகவில்லை என்றுதானே அர்த்தம்? முடிவாகவில்லைதான். பொய்யே கிடையாது. விவரப் பெட்டியை யாராவது திறந்து பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் பெட்டியைத் திறந்து படிப்பவர்கள் கூட்டங்களுக்கு வருவதில்லை.

அடுத்த கூட்டத்தில் பெரிய திரையில் நடைமேடை சுழன்றது. ஆர்க்கிடெக்ட் பெஞ்சைப் பார்த்தார். முகம் சுளித்தார். பிறகு அருகே போய்ப் பார்த்தார். போல்ட் தெரிந்தது, வாஷர் தெரிந்தது. இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால் அதிகாரி மேலே கேட்டு முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். அதிகாரியும் பெஞ்சைப் பார்த்தார். ஆர்க்கிடெக்ட் மனசு மாறிவிட்டார் போல, நல்லவேளை, நாம் மேலே கேட்க வேண்டியதில்லை என்று நினைத்து அவரும் வாயை மூடிக்கொண்டார்.

"இது... ஃபைனல்தானே?" என்றார் பட்டறைக்காரர்.

ஆர்க்கிடெக்ட் அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி ஆர்க்கிடெக்ட்டைப் பார்த்தார். போல்ட்டக்கா தண்ணீர் குடித்தாள்.

"வாஷர் வரைக்கும் இருக்கே! முடிவாகாமலா இவ்வளவு வரைவாங்க?" என்று பட்டறைக்காரரே தன் கேள்விக்குப் பதிலும் சொல்லிக்கொண்டார். "திங்கக்கிழமை வெட்ட ஆரம்பிச்சுடலாம்."

அதிகாரி தலையை ஆட்டினார். ஆர்க்கிடெக்ட் தலையை ஆட்டினார். ஒருவர் ஆட்டுவதைப் பார்த்து மற்றவர் ஆட்டியதுதான். பேருந்து நிலையத்துக்குப் பெஞ்ச் இப்படித்தான் முடிவானது.

கூட்டம் முடிந்ததும் தம்பி அவள் மேசைக்கு வந்தான். கையில் டிபன் டப்பா, வழக்கம்போல் நின்றபடி.

"அக்கா, இருநூறுன்னு போட்டிருக்கு."

"ஆமாம் தம்பி. இருநூறுதான்."

"அப்புறம் ஏன் போல்ட்டு?"

"கை தானா வந்துருச்சு."

அவன் கொஞ்ச நேரம் மென்றான். "இது வெளிய வந்தா பெஞ்சும் போகும், நீங்களும் போவீங்க, கூட நானும் வருவேன்."

"பஸ்ஸுலதானே போவோம்? உக்காந்துட்டுப் போகலாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டதால் திட்ட முடியவில்லை. பெட்டியில் நானூறு என்று மாற்றிவிட்டுப் போனான்.

பெஞ்சுகள் வந்தன. நட்டு வைத்தார்கள். முறைப்படி ஒப்படைப்பதற்கு முன்பே நிலையம் திறந்தது. திறந்த மாலை போல்ட்டக்காவும் நர்ஸம்மாவும் போய் முதல் ஆளாக உட்கார்ந்தார்கள். முதுகு அந்த வளைவில் போய்ப் பொருந்தியது. வலி வாயை மூடியது. எதிரே ஒரு சுவர் இருந்தது. வெள்ளை டைல்ஸ் ஒட்டிய சுவர்.

"அக்கா."

"ம்."

"பஸ் எங்கக்கா வரும்?"

பஸ் பின்னால் வந்தது.

மாடலில் பஸ் வெறும் அம்புக்குறி. நூறு. நடைமேடைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்பு, அவ்வளவுதான். இவள் பெஞ்சுக்கு வாஷர் வரைந்துகொண்டிருந்த அதே வாரத்தில், சாலைக்காரர்கள் அம்பை இந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். கூட்டத்தில் எல்லோர் கண்ணும் போல்ட்டில் இருந்தது. அவள் கண்ணும்தான். அம்பைப் பார்க்க ஆளில்லை.

சுற்றிலும் ஜனங்கள் சாய்ந்து சொகுசாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அத்தனை தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. முதுகு வலி போய் எல்லோருக்கும் கழுத்து வலி வரும்போல் இருந்தது.

திருப்பிப் போடுங்கள் என்று சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் யார் வைத்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் பதில் கிடையாதே. அதற்குள் ஆர்க்கிடெக்ட்டும் காரிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டார். அடுத்த நாளே தம்பிக்குப் போன். "அதுக்குத்தான் தண்டுன்னு சொன்னேன். தண்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. கான்ட்ராக்டர் ஒப்படைக்கிறதுக்குள்ள பெஞ்சையெல்லாம் கழட்டிடலாம். நான் அதிகாரிகிட்ட பேசறேன்."

தம்பி அதைப் போல்ட்டக்காவிடம் வந்து சொன்னான். அன்று மாலை வீட்டில் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் டிவியை அணைத்தார். அந்த வீட்டில் அது பெரிய சம்பவம்.

"என்னாச்சு?"

முழுவதையும் சொன்னாள். டேப்பிலிருந்து டைல்ஸ் வரைக்கும்.

"துளையெல்லாம் நடுவுலருந்து சம தூரமா?" என்றார் அவர்.

"ஆமா."

"அப்ப நட்டைக் கழட்டி அப்படியே திருப்பி வெச்சா உக்காருமே."

"உக்காரும். ஆனா யாரு கழட்டுறது?"

அவர் டிவியைத் திரும்பப் போட்டார். "பாத்துக்கலாம்," என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. போய் அரிசி களைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்பேனர் பையை எடுத்தார். லீவு நாளில் எந்த லிஃப்ட் என்று அவள் கேட்டாள். "வா" என்றார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் சொன்ன மிகத் துல்லியமான வார்த்தை அதுதான்.

நிலையத்தில் அவ்வளவு கூட்டமில்லை. கிளினிக் பக்கத்து வாசலை ஒட்டிய பெஞ்சின் அருகே அவர் மண்டியிட்டு நட்டில் ஸ்பேனரை மாட்டினார். செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"யாருங்க? என்ன பண்றீங்க?"

கணவர் நிமிரக்கூட இல்லை. "மெயின்டனன்ஸ்," என்றார்.

செக்யூரிட்டி சட்டையைப் பார்த்தார். சட்டையில் கம்பெனி முத்திரை இருந்தது. லிஃப்ட் கம்பெனி முத்திரைதான், ஆனால் முத்திரை. "சொல்லிட்டுச் செய்யக் கூடாதா சார்?" என்று சலித்துக்கொண்டே அவரும் ஒரு முனையைப் பிடித்தார். ஞாயிறு டூட்டிக்கு வந்த நர்ஸம்மா கிளினிக் வாசலிலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"மெதுவா தூக்குங்க! இடுப்பை மடக்காதீங்க, காலை மடக்குங்க! அண்ணே, உங்களுக்கும் சேத்துத்தான்!"

பெஞ்சைத் தூக்கி, திருப்பி, வைத்தார்கள். திருகுக் கம்பிகள் துளைகளில் ஏறி உட்கார்ந்தன. நட்டை இறுக்கியதும் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதிலேயே சாய்ந்துவிட்டார். அடுத்த பெஞ்சுக்கு அவரிடம் முதுகு மிச்சமில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "எங்க வாங்கினாங்க?"

போல்ட்டக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பெஞ்சாவது திரும்பியது, அது கழற்றப்படும்வரை உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்கு மேல் ஆசைப்பட அன்றைக்கு அவளால் முடியவில்லை.

அந்த வாரம் ஐந்நூறுக்கான அளவெடுப்பு. முக்காலியில் நிற்கும் கருவியோடு ஒரு பெண் வந்து சுவர், தூண், கூரை எல்லாம் அளந்தாள். நாற்காலி, பெஞ்ச், குப்பைத்தொட்டி போன்றவற்றில் வகைக்கு ஒன்று அளந்தால் போதும் என்பது ஒப்பந்தம். கருவியை இறக்கி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சை அளந்தாள். கிளினிக் பக்கத்து வாசல் பெஞ்ச்.

தம்பி திரையில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"அக்கா, மாடல்ல பெஞ்ச் சுவத்தைப் பாக்குது. அளவெடுத்ததுல பஸ்ஸைப் பாக்குது."

"அப்படியா?"

"எப்படிக்கா?"

"சைட்டுல என்ன வேணா நடக்கும் தம்பி."

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். அவனும் ரெண்டு நாளாக அங்கிருந்துதான் பஸ் பிடிக்கிறான். "சைட்டுல எப்படி இருக்கோ அப்படிப் போடறதுதான் ஐந்நூறு. இல்லக்கா?"

"நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே?"

அவன் ஒரு பெஞ்சைத் திருப்பினான். ஒரே குழுவாகக் கட்டியிருந்ததால் மாடலில் எல்லாமே திரும்பின. தம்பி அன்று உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஒப்படைக்கும் நாளில் அதிகாரி மாடலைக் கையில் வைத்துக்கொண்டு நடைமேடையைச் சரிபார்த்தார். ஒரு பெஞ்ச் மட்டும் சரியாக இருந்தது; மற்றதெல்லாம் தப்பாகப் பொருத்தப்பட்டிருந்தது. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு விளாசினார். ஆர்க்கிடெக்ட் அவர் காதருகே போய், "சார், அந்தத் தண்டு..." என்று ஆரம்பித்தார்.

"ஐந்நூறு வந்துடுச்சு சார். இனிமே யாரும் கை வெக்கக் கூடாது," என்றார் அதிகாரி. வாழ்க்கையில் முதன்முறையாக அவர் மேலே கேட்காமல் சொன்னார். சாயங்காலத்துக்குள் எல்லாப் பெஞ்சும் பஸ்ஸைப் பார்த்துத் திரும்பின.

போல்ட்டக்கா அதைப் பார்க்க மறுநாள்தான் போனாள். நர்ஸம்மாவுக்கு அன்று லீவு. தனியாக உட்கார்ந்தாள். முதுகு தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பஸ் எதிரே வந்து நின்றது, அவளுடைய பஸ்தான். ஏறுபவர்கள் ஏறினார்கள். டிரைவர்கூட ஒருமுறை அவளைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது.

கைப்பையில் போன் அடித்தது.

"எப்ப வருவே?" என்றார் கணவர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்துக்கலாம்," என்றாள்.